பபேடான் மாடியில் அச்சான முகங்கள்

ஓடுகிறேன். தோளில் அரிசிச் சாக்கு. உள்ளே பத்தொன்பது மரக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம். ஓட ஓடக் கட்டையோடு கட்டை இடிக்கிறது. விளிம்பு முதுகில் குத்துகிறது.

மார்ச் மாதம். சனிக்கிழமை. காலை பத்து இருபது. யாங்கோன் நகரம், பபேடான் பகுதி. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் சாக்கடைச் சந்து. இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. மேலே பால்கனிகளில் பெண்கள் கத்துகிறார்கள்.

"லா ப்யி! லா ப்யி!"

வந்துட்டாங்க என்று அர்த்தம். ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஆறு வாரம். ஆறு வாரமாக எங்கள் தெருவில் அதிகம் கேட்ட பர்மியச் சொல் அதுதான்.

முதலில் ஒலிக்குண்டு. காது அடைக்கிறது. இன்னொன்று. பிறகு துப்பாக்கி. ரப்பர் குண்டுச் சத்தம் மந்தமாக இருக்கும். இது மந்தமாக இல்லை. வறண்ட சத்தம். எண்ணினேன். ஏழு.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எங்கள் பின்படி தெரிந்திருக்கும். அதில் என் தங்கை இறங்கி வருகிறாளா என்று தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுதத் தைரியம் இருக்காது.

என் பெயர் சேகர். முழுப்பெயர் வேண்டாம். வயது அப்போது ஐம்பத்தொன்று. பாட்டன் தமிழ்நாட்டிலிருந்து இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். அப்பாவுக்கு ரயில்வே. நானும் இன்சீன் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். பிறகு விட்டுவிட்டு நகரத்துக்குள் அச்சு மெஷின் பழுது பார்க்கப் போனேன். அப்படித்தான் ரெனாட்டேயைத் தெரியும்.

ரெனாட்டே ஜெர்மன் பெண்மணி. மரக்கட்டையில் படம் செதுக்கி அச்செடுக்கும் கலைஞர். எழுபதை நெருங்கும் வயதில் இரண்டு மாதப் பயிற்சி வகுப்பு நடத்த யாங்கோனுக்கு வந்தார். எட்டு வருடம் இருந்தார். பபேடானில் இரண்டாம் மாடியில் வாடகை வீடு. மூடிக் கிடந்த ஓர் அச்சகத்திலிருந்து பழைய இரும்பு மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். கையால் சக்கரம் சுற்றும் மெஷின். சக்கரம் அசையவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். நான்கு நாள் எண்ணெய் விட்டு, பல்சக்கரம் மாற்றி, சுற்ற வைத்தேன். ஐந்தாம் நாள் அவர் மை தடவினார். நான் சுற்றினேன். அதன்பிறகு அந்தச் சக்கரத்தை வேறு யாரும் சுற்றவில்லை.

அவர் பர்மியமொழி பேசுவார். உடைந்த பர்மியம். நானும் உடைந்த ஆங்கிலம் பேசுவேன். மை காயும் நேரத்தில் தன் கதையைச் சொல்வார். ஒரே மூச்சில் சொன்னதே இல்லை. எட்டு வருடத்தில் துண்டு துண்டாகச் சேர்த்தேன்.

அவர் பிறந்தது ஹிட்லர் போர் முடிந்த வருடம். கிழக்கு ஜெர்மனியில் ஒரு சிறு ஊர். நிலவறையில் பிறந்தார். மேலே வீடு இல்லை. அப்பா போரிலிருந்து வரவே இல்லை. அம்மா காகித ஆலையில் வேலை. ஆலைக் கழிவுத் தாள்தான் மகளுக்கு விளையாட்டுச் சாமான். லைப்சிக் நகரத்தில் ஓவியக் கல்லூரி. அங்கே மரச்செதுக்கு. குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போட்டுப் பெயர் எடுத்தார். நரி, வாத்து, அடுப்பு மேல் தூங்கும் பூனை. அரசாங்கம் பரிசு கொடுத்தது. முப்பது வயதில் அந்த நாட்டில் எல்லாக் குழந்தைக்கும் அவர் பூனையைத் தெரியும்.

பிறகு ஒரு பையனைச் செதுக்கினார். எல்லைச் சுவரைத் தாண்டப் போய்ச் சுடப்பட்டவன். பக்கத்துத் தெருப் பையன். பன்னிரண்டு தாள் மட்டும் ரகசியமாக அச்சடித்தார். அடித்துக் கொடுத்தவர் பெயர் வெர்னர். கல்லூரி அச்சுக்கூடத்தில் வேலை செய்தவர்.

பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று நாள் கேள்வி. அடிக்கவில்லை. தூங்கவிடவில்லை. யார் அச்சடித்தது? யார் அச்சடித்தது? மூன்றாம் நாள் மத்தியானம் வெர்னர் பெயரைச் சொன்னார்.

வெர்னருக்கு இரண்டு வருடச் சிறை. ரெனாட்டேயை மேற்கு ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே மாலை போட்டு வரவேற்றார்கள். துணிச்சலான கலைஞர் என்று எழுதினார்கள். கண்காட்சிகள். கல்லூரியில் பேராசிரியர் பதவி. பையன் படம் பல மொழிப் புத்தகங்களில் வந்தது. சுவர் இடிந்த பிறகு வெர்னரைத் தேடிப் போனார். வெர்னர் கதவைத் திறந்தார். பார்த்தார். சாத்திக்கொண்டார். அவ்வளவுதான்.

இதை ஒரு மழைக்காலத்தில் சொன்னார். என் தங்கை சாந்தியும் இருந்தாள். பர்மியப் பெயர் மா தண்டா. மா, டோ, கோ, ஊ எல்லாம் பர்மியத்தில் பெயருக்கு முன்னால் வரும் மரியாதைச் சொற்கள். அரசாங்கப் பள்ளியில் நாலாம் வகுப்பு ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவி இறந்த பிறகு என் வீட்டில்தான் இருந்தாள். பள்ளி விட்டதும் மாடிக்கு வந்து எங்களோடு டீ குடிப்பாள். கதை முடிந்ததும் அவள் ரெனாட்டேயைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏன் மூணு நாள் தாங்கினீங்க? முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

கிண்டல் என்று நினைத்தேன். ரெனாட்டே அப்படி நினைக்கவில்லை.

"தாங்கிடுவேன்னு நினைச்சேன்," என்றார்.

பிப்ரவரியில் ராணுவம் வந்தது. சாந்தி வேலைக்குப் போக மறுத்தாள். ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் மறுத்தார்கள். தெருவில் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. எனக்குப் பயம். மாடியில் இருந்தேன். தெருமுனையில் மணல்மூட்டை அடுக்கினார்கள். குறுக்கே கயிறு கட்டிப் பெண்களின் தமேன்களைத் தொங்கவிட்டார்கள். பெண் உடுத்திய கைலிக்கு அடியில் போனால் ஆணின் வலிமை போய்விடும் என்று சிப்பாய்கள் நம்புவார்கள். இரண்டு நாள் நம்பினார்கள். பிறகு கத்தியால் அறுத்தார்கள்.

முதல் சாவு வந்தது. பிறகு தினமும் வந்தது. செத்தவர்களைப் பற்றி வானொலியில் ஒன்றும் இல்லை. செய்தித்தாளில் ஒன்றும் இல்லை. இணையத்தை வெட்டினார்கள்.

சாந்திதான் கேட்டாள். "டோ ரெனா, இவனைச் செதுக்க முடியுமா?" கைபேசியில் ஒரு படம் காட்டினாள். பதினேழு வயது. அவளிடம் படித்தவனின் அண்ணன்.

ரெனாட்டே படத்தை வாங்கிப் பார்த்தார். உளிகளை எடுத்து மேசையில் பரப்பினார். பிறகு சொன்னார். "பேர் இல்லாம செதுக்க மாட்டேன். வயசும் வேணும்."

அப்படி ஆரம்பித்தது. சாந்தி வீடு வீடாகப் போவாள். குடும்பத்தைப் பார்த்துப் பேசி, பெயர், வயது, செத்த இடம், வீட்டு விலாசம் எல்லாம் ஒரு நோட்டில் எழுதுவாள். ரெனாட்டே ஒட்டுப்பலகையில் செதுக்குவார். ஒரு முகத்துக்கு ஐந்து ஆறு மணி நேரம். கீழே பர்மிய எழுத்தில் பெயர். கட்டையில் எழுத்து திரும்பி இருக்க வேண்டும். சாந்தி மெல்லிய தாளில் எழுதிக் கவிழ்த்துக் கொடுப்பாள். நான் சக்கரம் சுற்றுவேன். ஒரு கட்டைக்கு அறுபது தாள். ஈரம் காய்வதற்குள் ஆட்கள் வந்து வாங்கிப் போவார்கள். விடிந்ததும் பேருந்து நிறுத்தத்தில், சந்தைச் சுவரில், மேம்பாலத் தூணில் முகங்கள் இருக்கும். மத்தியானத்துக்குள் சிப்பாய்கள் கிழிப்பார்கள். மறுநாள் மறுபடி இருக்கும்.

ஒரு தாய் வந்தாள். பதினோராவது கட்டை அவள் மகன். கொடியில் காய்ந்த தாளைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தோம். அழவில்லை. "புருவத்தில தழும்பு இருக்கும்," என்றாள். "சைக்கிள்ல விழுந்தது." ரெனாட்டே கட்டையை எடுத்தார். அவளிடமே உளியின் நுனியால் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னார். ஒரே ஒரு வெட்டு. மறுபடி அச்சடித்தோம். அந்தத் தாளை மடிக்காமல் இரண்டு கையிலும் ஏந்திப் படியிறங்கினாள்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு நாள் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். ரெனாட்டே தெருவிலிருந்து ஓடி வந்து படியில் விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். வயது எழுபத்தாறு. தூதரகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள். விமானம் இருக்கிறது, வாருங்கள் என்றார்கள். போகவில்லை. கட்டையை மேசையில் இறுக்கி வைத்து வலது கையால் செதுக்கினார். நான் போகச் சொன்னேன். கேட்கவில்லை. "ஒரு தடவை போயிருக்கேன்," என்றார்.

அந்தச் சனிக்கிழமை. காலை பத்து மணி. இருபதாவது கட்டை பாதியில் இருக்கிறது. நான் மை கலக்குகிறேன். சாந்தி நோட்டில் எழுதுகிறாள். தெருவின் வடக்கு முனையில் லாரி நிற்கும் சத்தம். தெற்கு முனையில் இன்னொன்று. யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள இப்போது ஆசையும் இல்லை.

"லா ப்யி!"

ரெனாட்டே எழுந்து நிற்கிறார். முகம் வெளுத்திருக்கிறது. "கட்டை! சேகர், கட்டையை எடு!"

நான் அரிசிச் சாக்கை எடுத்தேன். கட்டைகளை உள்ளே தள்ளினேன். சாந்தி அடுப்படியில் இருந்தாள். தீக்குச்சி உரசும் சத்தம்.

"சாந்தி! வா!"

"நீ போண்ணே! நோட்டை எரிச்சிட்டு வர்றேன். இதுல எல்லா வீட்டு விலாசமும் இருக்கு. போ!"

நோட்டு தடிமன். எரிய நேரமாகும். எனக்குத் தெரியும். போனேன்.

சந்தின் கடைசியில் டீக்கடை. உள்ளே நுழைந்து உட்கார்ந்தேன். சாக்கை முக்காலிக்கு அடியில் தள்ளினேன். எனக்கு முன்னால் யாரோ குடித்து மிச்சம் வைத்த டீ இருந்தது. கடைக்காரர் அதைத் தள்ளி என் பக்கம் வைத்தார். நான் வெகுநேரமாக அங்கே இருப்பவன் மாதிரி ஆனேன்.

பத்து ஐம்பதுக்கு லாரி அந்த வழியாக வந்தது. பின்பக்கம் திறந்திருந்தது. ஏழு பேர் மண்டியிட்டிருந்தார்கள். கை தலைக்குப் பின்னால். சாந்தி ஓரத்தில். ரெனாட்டே இல்லை. அவரைத் தனியாகக் காரில் ஏற்றினார்கள் என்று பிறகு தெரிந்தது. சாந்தி என்னைப் பார்த்தாள். ஒரு விநாடி. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னைத் தெரிந்ததாகக் காட்டக்கூடாது என்று திருப்பினாள். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். வேறு மாதிரியும் நினைக்கலாம்.

நான் டலா போகும் படகில் ஆற்றைக் கடந்தேன். சாக்கின் மேல் கத்திரிக்காய் பரப்பி வைத்திருந்தேன். யாரும் கிளறவில்லை. அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் த்வாண்டே என்ற ஊர். அங்கே ஊ தேய் என்று ஒரு குயவர். மண் அரைக்கும் மெஷினை நான்தான் பழுது பார்த்துக் கொடுப்பேன். அந்தப் பழக்கம். சுடாத பானைகள் காயும் கொட்டகையில் இடம் கொடுத்தார். கட்டைகளைப் பானைகளுக்கு அடியில் வைத்தேன்.

நான்காம் நாள். செவ்வாய். காலை எட்டு மணிக்கு மேல் தொலைபேசி. என் சித்தி. இன்சீனில் இருப்பவர். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்களாம். சாந்தியின் உடம்பை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். இதயம் நின்றுவிட்டது என்றார்களாம். முப்பத்தெட்டு வயது. ஒரு நாள் தலைவலி என்று படுத்தவள் இல்லை.

"நீ வராதே," என்றார் சித்தி. "உன்னைத்தான் தேடறாங்க. மெஷின் சுத்தினது யாருன்னு கேட்டுட்டே இருக்காங்க. வந்தா உன்னையும் எடுத்துடுவாங்கடா."

நான் போகவில்லை. சித்தி மட்டும் போனார். முகத்தை மட்டும் காட்டினார்கள். துணியை விலக்கவிடவில்லை. நேராகச் சுடுகாடு. அரை மணி நேரத்தில் முடிந்தது. கொள்ளி வைக்க வேண்டியவன் நான். த்வாண்டேயில் பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். சாக்கைக் கட்டிக்கொண்டு. அவளை விட்டுவிட்டு எதைத் தூக்கிக்கொண்டு வந்தேனோ அதைக் கட்டிக்கொண்டு.

மூன்று வாரம் போனது. சிப்பாய்கள் த்வாண்டேக்கும் வந்தார்கள். வீடு வீடாக, வந்து தங்கியிருக்கும் வெளியாட்களின் பட்டியல் கேட்டார்கள். பக்கத்துத் தெருவரை வந்துவிட்டார்கள். மத்தியானம் ஒரு மணி. ஊ தேய் கொட்டகை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"கோ சேகர். எனக்கு மூணு பிள்ளைங்க."

சூளையைப் பார்த்தார். அதை அன்று காலையிலேயே மூட்டியிருந்தார்கள்.

நானே போட்டேன். அவரைப் போடவிடவில்லை. ஒவ்வொரு கட்டையையும் எடுத்துப் பெயரைப் படித்தேன். திரும்பிய எழுத்து. எட்டு வருடப் பழக்கத்தில் எனக்கு அது நேராகத்தான் தெரியும். படித்துவிட்டுப் போட்டேன். மை ஊறிய பலகை. சட்டென்று பிடித்தது. பச்சை கலந்த தீ. பதினோராவது கட்டை வந்தபோது புருவத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். போட்டேன். பத்தொன்பதும் முடியக் கால்மணி நேரம். சிப்பாய்கள் வந்தபோது பானை சுடும் சூளை மட்டும் இருந்தது. அதன் நெருப்பில் ஒருவன் பீடி பற்றவைத்தான்.

ரெனாட்டேயை ஐந்து வாரம் வைத்திருந்தார்கள். பிறகு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். மே மாதம் புது நம்பரிலிருந்து கூப்பிட்டார்.

"சேகர், நான் பேர் சொல்லல."

"தெரியும்."

"நானே தனியா அச்சடிச்சேன்னு சொன்னேன். மாவுக்கட்டைக் காட்டிச் சிரிச்சாங்க. மறுபடி மறுபடி கேட்டாங்க. சொல்லல."

அவர் சொல்லாததால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நன்றி என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் அந்தச் சொல் வரவில்லை. வேறொன்று வந்தது.

"கட்டையை எடுன்னு கத்தினீங்களே. சாந்தியைக் கூட்டிட்டுப் போன்னு ஏன் சொல்லல?"

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. மூச்சு கேட்டது.

"அந்த நேரத்துல எனக்குக் கட்டைதான் கண்ணுல பட்டது," என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவரை வெறுத்தேன். எனக்கும் அந்த நேரத்தில் கட்டைதான் கண்ணில் பட்டது. அதையும் அவரிடம் சொன்னேன். இரண்டு பேரும் அழவில்லை.

பிப்ரவரியில் ஒரு பயணியிடம் நான்கு தாள்களை ஜெர்மனிக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். அந்த நான்கு முகங்கள் மட்டும் தப்பின. ஒரு நகரத்துக் கலைக்கூடம் கண்காட்சி வைத்தது. ரெனாட்டேயின் வாழ்நாள் படைப்புகள். பூனை, நரி, சுவர்ப் பையன், கடைசி அறையில் எங்கள் நான்கு பேர். அச்சடித்தவர் பெயரைப் போட வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். சாந்தி பெயரைப் போடச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்தார். திறப்பு நாளில் போய்ப் பார்த்தால் படங்களுக்குக் கீழே அட்டையில் இப்படி இருந்ததாம். "உள்ளூர் உதவியாளர்களுடன்."

சண்டை போட்டார். தாள்களைக் கழற்றித் தரச் சொன்னார். தர முடியாது என்றார்கள். எப்போதோ எல்லாப் படைப்புகளும் கூடத்துக்கே சேரும் என்று கையெழுத்துப் போட்டிருந்தார். மறுபடி அவரைத் துணிச்சலான கலைஞர் என்று எழுதினார்கள். அதை எனக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினார். பாதியில் நிறுத்திவிட்டார்.

அதன்பிறகு அவர் செதுக்கவில்லை. முறிந்த மணிக்கட்டு சரியாகிவிட்டது. சரியாக இருந்த வலது கை நடுங்க ஆரம்பித்தது. அடுத்த குளிர்காலத்துக்கு அடுத்த குளிர்காலம் இறந்தார். பக்கத்து வீட்டுப் பெண்மணி பத்திரிகைத் துண்டை எனக்கு அனுப்பினார். ஜெர்மன் மொழி. ஒரு பையனிடம் கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னேன். பிறந்த ஊர். கல்லூரி. பரிசுகள். பேராசிரியர் பதவி. சில ஆண்டுகள் ஆசியாவில் வாழ்ந்தார். இவ்வளவுதான் நாங்கள். ஒரு வரி. அதிலும் ஊர்ப்பெயர் இல்லை.

நான் யாங்கோனுக்குத் திரும்பி வந்துவிட்டேன். வேறு பகுதி. வேறு பெயர். தண்ணீர் பம்பு பழுது பார்க்கிறேன். பபேடான் பக்கம் ஒரே ஒரு தடவை போனேன். எங்கள் மாடியில் கைபேசி உறை விற்கிறார்கள். அந்த நோட்டில் விலாசம் இருந்த எந்த வீட்டுக்கும் சிப்பாய்கள் போகவில்லை. அதைச் சாந்தி தெரிந்துகொள்ளாமலே போனாள். அந்தக் குடும்பங்களுக்கும் யார் காப்பாற்றியது என்று தெரியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கணக்கு இது. சரியாகப் படியுங்கள்.

செதுக்கி முடித்த கட்டைகள் பத்தொன்பது. எல்லாம் எரிந்தன. பாதியில் நின்றது ஒன்று. சிப்பாய்கள் எடுத்துப் போனார்கள். அதில் யார் முகம் என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதுப் பெண். நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் முடிந்திருந்தன.

சுவரில் ஒட்டிய தாள்கள் ஆயிரத்துக்கு மேல். ஒன்றும் இல்லை. வெளிநாட்டில் நான்கு. அவற்றை நான் பார்க்கப் போவதில்லை.

அச்சு மெஷின் ஒன்று. இரும்பு விலைக்குப் போயிற்று.

லாரியில் ஏற்றியவர்களில் நான் எண்ணியது ஏழு பேர். திரும்பி வந்தவர்கள் நான்கு.

ரெனாட்டே. எழுபத்தெட்டு வயது. தன் படுக்கையில்.

சாந்தி. முப்பத்தெட்டு வயது. ஆசிரியை. எங்கே, எந்த நாள், எந்த மணிக்கு என்று தெரியாது. சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவில். அவள் முகத்தைச் செதுக்க ஆள் இல்லை. எனக்குச் சக்கரம் சுற்ற மட்டும்தான் தெரியும்.